கையைக் கண்டால் நிற்கும் கிரைண்டர்

அம்மாவின் கிரைண்டரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. காய்ந்த மாவு அதன்மேல் அடுக்கடுக்காக ஏறி, சின்னப் புற்று மாதிரி நிற்கும். ஈரக் கையோடு அதைத் தட்டி அம்மா ஒருமுறை ஷாக் வாங்கியிருக்கிறாள். அதனால், வீட்டுச் சாதனங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்ததும், என் முதல் வடிவமைப்பு எது என்று நான் யோசிக்கவே இல்லை. தொடாமல் ஓடும் கிரைண்டர். டிரம்மின் விளிம்புக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி. அதன் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் சென்சார். ஒரு சாண் தூரத்தில் கை வந்தால் ஒளி பட்டுத் திரும்பும், கிரைண்டர் ஓடும். மறுபடி கை வந்தால் நிற்கும்.

ஆய்வகத்தில் காய்ந்த கை, ஈரக் கை, மாவுக் கை, வளையல் கை, உறை போட்ட கை என்று வரிசை போட்டுச் சோதித்தோம். எல்லாக் கைகளும் சென்சாருக்கு முன்னால் மரியாதையாக வந்து மரியாதையாகத் திரும்பின.

மிச்சம் ஒன்றுதான். ஒரு சாதாரண வீட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருவர் மாவு அரைத்து முடிப்பதைப் படமெடுத்துத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அது சரியாக வந்தால் என் வடிவமைப்பு தயாரிப்புக்குப் போகும். வராவிட்டால் வழக்கமான சுவிட்சே போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாதிரி கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வரை ரயிலிலும் அங்கிருந்து ஒரத்தநாட்டுக்குப் பஸ்ஸிலும் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் செல்போனில் படமெடுக்க, அம்மா ஊறிய உளுந்தைப் போட்டுக் கையைக் காட்டினாள். ஓடியது. "அட" என்றாள். உளுந்து பொங்கி விளிம்புக்கு ஏறியதும் விரல்களைச் சேர்த்து உள்ளே விட்டு, குழவிக்கு அடியில் தள்ளிவிட்டாள். கிரைண்டர் நின்றது.

"கரண்ட் போச்சா?"

"இல்லம்மா. உன் கையைப் பார்த்து நிக்குது."

"ஏன், என் கைக்கு என்ன?"

மறுபடி காட்டினாள், ஓடியது. தண்ணீர் தெளித்தாள், நின்றது. நின்றதே என்று ஓரத்து மாவை வழிக்கப் போனாள், ஓடியது. கையை இழுத்துக்கொண்டாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"வேணுங்கிறப்ப நிக்குது, வேணாங்கிறப்ப ஓடுது. உங்கப்பா மாதிரியே."

வாசற்படியில் காபியோடு நின்ற அப்பா கேட்டார்: "நான் எங்கடி ஓடினேன்?"

மாவைத் தள்ளுவதற்கென்றே கிரைண்டரோடு ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. அம்மா அதைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். பழைய கிரைண்டரின் தகடு கொல்லைச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கப் பயன்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கை உள்ளே போய் வரும் ஒரே வீட்டுச் சாதனத்துக்கு, கையைக் கண்டால் நிற்கும் சென்சாரை நான் பொருத்தியிருந்தேன். ஐந்து வகைக் கைகளைச் சோதித்த எங்களில் ஒருவருக்கும் உள்ளே போகும் கை நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு என் முகத்தை வைத்தே அம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மறுநாள் கோயிலுக்குக் கட்டும் புடவையில், தலையில் பூவோடு வந்து நின்றாள். "இப்ப எடு."

கையைக் காட்டினாள். கிரைண்டர் ஓடியது. பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். உளுந்து பொங்கியது, ஏறியது, ஓரத்தில் ஒட்டி அங்கேயே தங்கியது. பின்னால் அவள் விரல்கள் தவித்துக்கொண்டிருந்தன. அது கேமராவில் தெரியாது. கிரைண்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"போதுமா? வேலை போயிடாதுல்ல?"

"வேலையெல்லாம் போகாதும்மா. இந்த கிரைண்டர்தான் போகும்."

"அப்ப அது போக வேணாம். இதை அனுப்பு."

ஞாயிற்றுக்கிழமை இட்லி தட்டில் விழுந்தபோது சத்தம் வந்தது. அப்பா விரலால் அழுத்திப் பார்த்தார். "இதுவும் சாம்பிள்தானா?"

"பேசாம சாப்பிடுங்க. பொண்ணு பாஸாயிட்டா."

அந்தப் படத்தை அனுப்பினால், இந்தக் கிரைண்டரை வாங்கும் வீட்டிலெல்லாம் யாராவது ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலை வெள்ளிக்கிழமைப் படத்தை அனுப்பினேன். மேலாளர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தார், உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, ஓடுற கிரைண்டர்ல ஏன் கையை விடறாங்க?"

"எல்லாரும் விடுவாங்க சார்."

"எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாது."

போனைப் பொத்திக்கொண்டு அவர் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. ஒரு பெண்குரல் சற்று நீளமாகவே பதில் சொன்னது.

"சரி, விடறாங்களாம்" என்றார். "சென்சாரை வேற எங்கயாவது வச்சுக் காட்டுங்க. இன்னொரு தடவைதான்."

எங்கே வைப்பது என்று பார்க்க, அம்மா பழைய கிரைண்டரில் அரைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். மாவு பதமானதும், கையை உள்ளிருந்து எடுக்காமலே, உடம்பைச் சற்றுத் திருப்பி முழங்கையால் சுவிட்சைத் தட்டினாள். ஷாக் அடித்த நாளிலிருந்து இப்படித்தானாம். முழங்கை வழியாக இறங்கும் மாவுதான் அந்தப் புற்று.

அடுத்த மாதிரியில் சென்சார் விளிம்பைவிட்டு இறங்கி, பக்கவாட்டில், முழங்கை வரும் இடத்துக்கு வந்தது. அம்மா வேண்டிய மட்டும் கையை விட்டு அரைத்தாள். கிரைண்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாவு பதமானதும் உடம்பைத் திருப்பி, கண்ணாடியின் மேல் முழங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தட்ட வேணாம்மா. பக்கத்துல கொண்டுபோனாலே போதும்."

"தட்டாம எப்படி நம்புறது?"

அப்பா அதற்குத் தலையாட்டினார். படுத்தபடியே செல்போனில் வயல் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க எழுந்து நடந்து போகிறவர் அவர்.

இட்லி நன்றாக வந்தது. வடிவமைப்பும் தேறியது. தயாரிப்புக்குப் போன தேவைப் பட்டியலின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: தொடாமல் இயக்கும் பகுதியின் கண்ணாடி, முழங்கை இடியைத் தாங்க வேண்டும்.