டெல்லிக்குத் தெரிந்த வீடு

உத்திராபதி அந்தச் சான்றிதழை என் மேசையில் வைக்கும்போது அதன் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருக்கும். வீட்டுக் கடனுக்கு ஓராண்டில் எவ்வளவு வட்டி கட்டினார் என்று வங்கி எழுதிக் கொடுப்பது. அதைச் சிறுவாச்சூர் காளியின் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் பெரம்பலூரில் வருமான வரிக் கணக்கு போடும் என்னிடம் வருவார். கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான் என்பதால் மற்ற கிழமைகளில் அவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எனக்குத்தான் அலுத்துவிட்டது. சொன்னால் சிரிப்பார்.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் வேலை. காது கொஞ்சம் மந்தம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து உரக்கப் பேசுவார். வரி பிடிக்கிறார்களே என்று ஊரே என்னிடம் வந்து புலம்பும். அதை டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை. பத்திரம் போட்டுச் சொந்த வீடு கட்டிய முதல் ஆள் இவர். கடன் வட்டியை வருமானத்தில் கழித்துக் காட்டலாம் என்று நான் விளக்கியபோது, எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கவில்லை.

"அப்ப எனக்கு வூடு இருக்கறது டெல்லி வரைக்கும் தெரியுங்களா சார்?" என்றார்.

தெரியும் என்று வாயை விட்டேன். பஞ்சாயத்துக்குக் கட்டும் வீட்டு வரியும் ஒரு கணக்குதானே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். அது உள்ளூர்ச் சங்கதியாம்.

இந்த வருடம் வம்பு வந்தது. புதிய வரிமுறையில் போட்டால் அவர் சம்பளத்துக்கு வரியே கிடையாது. ஆனால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியை அதில் காட்ட முடியாது. பழைய முறையில் எல்லாம் கழித்தும் நாற்பதாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். யாராயிருந்தாலும் புதியதைத்தான் எடுப்பார்கள். இவர் பழையதே இருக்கட்டும் என்று போனில் சொல்லிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் மனைவி பாக்யலட்சுமியின் காதுக்கு எட்டி, அவரும் கூடவே வந்துவிட்டார். மகள் வெற்றிச்செல்விக்கு நர்சிங் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நேரம் அது. இதென்ன பிடிவாதம் என்று நானும் சேர்ந்துகொண்டு கேட்டேன். உத்திராபதி முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். புறம்போக்கில் இருந்த அவர் அப்பாவின் குடிசையை ரோடு போட வந்தவர்கள் ஒரு காலத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

"வூட்ட இடிச்சிட்டீங்களேன்னு கேட்டதுக்கு, எங்க ஏட்டுல இங்க வூடே இல்லியே, எதை இடிச்சோம்னு கேட்டாங்க சார். எங்கப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியல."

பாக்யலட்சுமிதான் பேசினார்.

"ஏங்க, நம்ம வூட்ட பாக்கணும்னா டெல்லிக்காரங்கள நேர்ல வரச் சொல்லுங்க. நான் காப்பி போட்டுத் தரேன். அதுக்கு எதுக்கு நாப்பதாயிரம்?"

உத்திராபதி சிரித்துவிட்டார். புதியதையே போடுங்கள் என்றார். ஆனால் வட்டி இல்லாமல் நான் கணக்கை முடித்தபோது முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எந்த முறையானாலும் டெல்லியில் வீட்டு முகவரி கேட்பார்கள் என்றேன். கணினியில் இருந்த முகவரியை அழித்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தேன்.

உத்திராபதி நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார். கதவு எண்ணிலிருந்து சொல்லத் தொடங்கினார்.