டில்லிக்கு இரண்டு ராத்திரி இல்லை, ஒரு சாயங்காலம்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் பயிற்சிக்காக டில்லி போயிருந்தார். ஒரு நாள் காலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தார். கணவருக்குக் குடல் வெடித்துவிட்டது, இன்றே ஆபரேஷன், நிலைமை மோசம் என்று டில்லியிலிருந்து போன் வந்ததாம்.

ரயிலில் போனால் இரண்டு ராத்திரி. அதுவரை அவர் இருப்பாரா? அக்கம்பக்கத்தார்தான் விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்து, ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி என்னை ஏற்றிவிட்டார்கள். குமணன்சாவடியில் லாரிகளுக்கு நடுவே வண்டி நகரவேயில்லை. நான் விம்மி அழுதேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாத்துக்குமா அழுவுற? அண்ணாத்தைக்கு ஒண்ணும் ஆவாது. நான் கீறேன் இல்ல, கொண்டாந்து வுட்டுர்றேன்" என்றவர், சந்து பொந்தெல்லாம் புகுந்து மீனம்பாக்கம் சேர்த்துவிட்டார்.

ஆனால் என் டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. கவுண்டரில், "ஒரு சீட்கூட இல்லைம்மா. நாளைக்குத்தான்" என்றார்கள். எனக்குப் பின்னால் மனைவியோடு நின்றிருந்த ஒருவர், என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை மட்டும் அசைத்தார்.

"என் டிக்கெட்டை கேன்சல் பண்ணி இவங்களுக்குக் கொடுங்க" என்றார் அவர். "பொண்ணுக்கு டில்லியில நாளைக்குச் சாயங்காலம்தான் நிச்சயதார்த்தம். நான் காலையில வந்துக்கிறேன்."

பெண்ணைப் பெற்றவர், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், முன்பின் தெரியாத எனக்காக வரிசையிலிருந்து விலகி நின்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

விமானத்தில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "கீழே பாரும்மா, கோதாவரி!" என்றார். ரயிலில் மறுநாள்தான் வரும் நதி, நீல நூலாய்க் கிடந்தது. பிறகு காடு, மலை, சிவப்பு மண், மேகம். இத்தனை ஊர்களையும் ஒரே மதியத்தில் கடக்கிறோமா? அவ்வளவு பயத்திலும் எனக்கு மெய் சிலிர்த்தது.

டில்லி விமான நிலையத்தில் காத்திருந்த சம்பந்தி வீட்டுக் காரிலேயே என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார் அந்த அம்மாள். என் கணவரை ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரம். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தவர் திகைத்துப் போனார்.

"நீ எப்படி வந்தே? முந்தாநாளே கிளம்பிட்டியா?"

"இல்லீங்க, இன்னைக்குத்தான்."

நம்பாமல் என்னையே பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பிழைத்துக்கொண்டார். இப்போது வெள்ளானூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அந்தத் தம்பதியின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சென்னைக்கும் டில்லிக்கும் எவ்வளவு தூரம் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத ஒரு மனிதர் எனக்காக அதை எவ்வளவு சுருக்கிக் கொடுத்தார் என்பதைச் சொல்லத்தான் இன்றும் எனக்கு வார்த்தை போதவில்லை.