பதினோராம் இடத்தில் ஒரு வருசம்

இங்கிலாந்து முதற்பிரிவில் நடுவில் நிற்கும் உதைபந்தாட்டக் கழகமொன்றுக்கு ஆதரவாளராக இருப்பது சம்பளமில்லாத தொழில். லீவு இல்லை, பென்சன் இல்லை, ராஜினாமாக் கடிதம் எழுதினால் வாங்குவதற்கு ஆளும் இல்லை.

சம்பளத்துக்கு நான் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். அது சுகமான வேலை. பிந்தினால் திட்டுவார்கள், நேரத்துக்கு வந்தால் பேசாமல் ஏறுவார்கள். என் உண்மையான தொழில் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ரிவிக்கு முன்னால் தொடங்குகிறது. கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "அது இன்னும் முதற்பிரிவிலோ இருக்குது?" என்று கேட்பீர்கள். மொத்தம் இருபது கழகங்கள். மேலே நிற்கிற சிலதுக்குக் கிண்ணமும் ஐரோப்பாச் சுற்றும். கீழே நிற்கிற மூன்றும் அடுத்த வருசம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். எங்களுடையது இரண்டிலும் சேராமல் நடுவில் நின்று காலநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கு என் வேதனை விளங்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு வாங்கிய மஃப்ளர்

டென்மார்க்கில் எனக்கு முதல் குளிர்காலம். ரண்டர்ஸ் என்ற ஊரில் பாவித்த பழைய உடுப்பு விற்கிற கடையொன்றில் தடித்த கம்பளி மஃப்ளர் ஒன்று எடுத்தேன். அதில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. அந்தக் கம்பளியை நெய்த மில்லின் பெயராக்கும் என்று நினைத்து, கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றேன். அங்கே நின்ற நடுவயது டேனிஷ்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த நாட்டில் பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிப்பது லேசில் நடக்காத காரியம். நான் பயந்தே போனேன்.

பிறகுதான் விசயம் தெரிந்தது. இங்கே சனிக்கிழமைகளில் இங்கிலாந்து ஆட்டத்தை ரிவியில் காட்டிக் காட்டி, அந்த வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு மனைவியும் இங்கிலாந்தில் ஒரு கழகமும் இருந்தன. என் கழுத்தில் கிடந்தது அவருடைய கழகம். அடுத்த சனி அதென்ன கழகமென்று பார்த்தேன். மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். விட்டுவிட மனம் வரவில்லை. முதல் நாள் பஸ் தரிப்பில் அந்த மனிதர் என் தோளில் கை வைத்துச் சொன்னதை முழுதாக விளங்குமளவுக்கு எனக்கு டேனிஷ் இருந்தது, ஏனென்றால் அகதி முகாமில் அந்தச் சொல்லை அடிக்கடி கேட்டிருந்தேன்: "நீயும் இதிலயோ? பாவம்."

ஆபத்துக் காலம்

என் மகள் மயூரி ஓகூஸ் நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ரயிலில் வந்தால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் வேலை கிடைத்துப் போனபின் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த தொலைபேசி உரையாடல்களைத் தொகுத்தால் அரைப்பக்கம் வராது. "சுகமா அப்பா? அம்மாட்டைக் குடுங்கோ." இவ்வளவுதான். கோபம் ஒன்றுமில்லை. கதைக்க விசயம் இல்லை.

போன வருசம் எங்கள் கழகம் டிசம்பரில் நத்தாருக்குப் பதினெட்டாம் இடத்தில் நின்றது. இறங்கப்போகிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மயூரி ஆட்டம் முடிய எனக்குப் போன் எடுத்தாள். பிறகு இடைவேளையிலும் எடுத்தாள். பின்வரிசையில் யார் பிழை, பயிற்சியாளரை மாற்ற வேணுமா, ஏழாம் நம்பர்க்காரனின் முழங்கால் எப்படி என்று டேனிஷில் வெளுத்துவாங்கினாள். சில சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து பக்கத்தில் இருந்தே பார்த்தாள். அந்த ஐந்து மாதம் என் மகள் என்னோடு கதைத்ததுபோல் அதற்கு முந்திய ஐந்து வருசத்திலும் கதைக்கவில்லை. கழகம் தோற்கத் தோற்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் உண்மை அதுதான். கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் ஒரு கோலால் தப்பினோம். உடனே போன் அடித்தது. நான் கோலைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவள் இடைமறித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, இப்ப நீங்கள் ஓகேயா?"

நட்சத்திரம் தெரியாத அர்ச்சனை

அதே குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி வசந்தியோடு கோயிலுக்குப் போனேன். முக்கால் மணித்தியாலக் கார் ஓட்டம். வசந்தி மகளின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டுப் பிரகாரம் சுற்றப் போன நேரம் பார்த்து, நான் இன்னொரு அர்ச்சனைத் துண்டை ஐயரிடம் நீட்டினேன். பெயரை வாசித்த ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "இது ஆர், பேத்தியோ? வெள்ளைக்காரப் பேராக் கிடக்கு. ராசி நட்சத்திரம் என்ன?" என்றார். நூறு வருசத்துக்கு மேல் பழைய கழகம், பிறந்த நேரம் தெரியாது என்று மெல்லச் சொன்னேன்.

ஐயர் சிரிக்கவில்லை. அவருக்கும் ரிவி இருக்கிறது. "மேல போக வேணுமோ, விழாம நிண்டாக் காணுமோ?" என்று வைத்தியர் மாதிரிக் கேட்டார். விழாமல் நின்றால் போதும் என்றேன். பூவைப் போட்டுத் தீபத்தைக் காட்டி, விபூதியைத் தந்தபடி சொன்னார்: "கேட்டதுதான் கிடைக்கும். பிறகு நடுவில நிண்டுகொண்டு என்னட்டை வந்து குறை சொல்லப்படாது."

திங்கட்கிழமை ரோல்ஸ்

இந்த வருசம் கழகம் ஐயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒன்று வென்றால் ஒன்று தோற்கும், பிறகு ஒன்று சமநிலை. ஒக்டோபரிலிருந்து பதினோராம் இடத்தை விட்டு அசையவில்லை.

எங்கள் சாரதிகளின் ஓய்வறையில் ஒரு சட்டம் இருக்கிறது. பிழை விட்டவன் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கண்ணாடியை மரத்தில் உரசினால் கேக், பாதை மாறிப் போனால் கேக். இங்கே பல வேலைத்தலங்களில் உள்ள வழக்கம்தான். எங்கள் ஓய்வறையின் சட்டமா அதிபர் பிரெபன். வருசா வருசம் கிண்ணத்துக்குப் போட்டியிடுகிற கழகத்தின் ஆள். இங்கிலாந்தில் தன் கழகம் தோற்பதும் ஆளின் பிழைதான் என்று அவன் சட்டத்தைத் திருத்தினான். சமநிலைக்கு அரைக் கேக்கா முழுக் கேக்கா என்று தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட குழுவும் போட்டார்கள். குழு இரண்டு முறை கூடியது.

வசந்திக்குக் கேக் வராது. ஆட்டிறைச்சி ரோல்ஸ் நாற்பது பொரித்துத் தந்துவிட்டாள். பத்து நிமிசத்தில் தட்டு வெறுமை. அதற்குப் பிறகு, உதைபந்தையே திரும்பிப் பாராத ஆட்களெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் வந்து எங்கள் கழகம் யாரோடு மோதுகிறது என்று அக்கறையாக விசாரித்தார்கள். எங்கள் கோல்காப்பாளருக்குக் கணுக்கால் சுளுக்கியபோது பிரெபன் ஆறுதல் சொல்ல வந்தான். தோளைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "சனிக்கிழமை வெளியூர் ஆட்டம்தானே, நல்லது, நல்லது. உறைப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

நாற்பது புள்ளி

தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாற்பது புள்ளி எடுத்துவிட்டால் அந்த வருசம் இறங்கமாட்டாய் என்பது எங்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை. போன வருசம் நாங்கள் அதைக் கனவில்தான் கண்டோம். இந்த வருசம் மார்ச் நடுப்பகுதியிலேயே எடுத்துவிட்டோம். இனி மேலே போகவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை, ஆட வேண்டியதோ இன்னும் ஒன்பது ஆட்டம்.

மயூரியின் அழைப்புகள் இலையுதிர்காலத்திலேயே குறையத் தொடங்கியிருந்தன. முதலில் இடைவேளை அழைப்பு நின்றது. பிறகு இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை. நாற்பதாவது புள்ளி கிடைத்த அன்று எடுத்தாள். நான் கதையை நீட்டப் பார்த்தேன். ஏழாம் நம்பர்க்காரன் நன்றாக ஓடுகிறான் என்றேன். "ம்" என்றாள். ஒன்றரை நிமிசம். அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. ஆசைப்பட்ட பாதுகாப்புக் கிடைத்துவிட்டது, மகள் போய்விட்டாள். போனை வைக்குமுன் அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "வாழ்த்துகள் அப்பா. இனி ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லைத்தானே."

சிவம் அண்ணையின் வைத்தியம்

சிவம் அண்ணை என் பஸ்ஸில் செவ்வாய்தோறும் நூலகத்துக்குப் போகிறவர். பென்சன்காரர். முன் சீட்டில் இருந்துகொண்டு, சாரதியோடு கதைக்க வேண்டாம் என்ற அறிவித்தலுக்கு நேர் கீழே வாய் ஓயாமல் கதைப்பார். அவர் ஆதரிப்பது எப்போதும் போன வருசம் வென்ற கழகத்தை. ஒவ்வொரு ஜூனிலும் புதுச் சேர்ட் வாங்குவார். என் முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். மகளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, பதினோராம் இடம் என்று மட்டும் சொன்னேன். இறங்கும்போது, பின்னால் நாலு பேர் காத்து நிற்க, படியில் நின்று அறிவுரை சொன்னார்: "ரீமை மாத்தும் ஐசே, மனுசியைத்தானே மாத்தேலாது."

பொய்ப் பட்டியல்

ஏப்ரலில் நான் ஒரு மட்டமான வேலை செய்தேன். நானே மயூரிக்குப் போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, நிலைமை சரியில்லை, கீழே உள்ளவர்கள் ஏறி வருகிறார்கள், இறங்குவதற்கும் எங்களுக்கும் நாலு புள்ளிதான் வித்தியாசம் என்றேன். உண்மையில் பதினாலு. பத்தை விழுங்கிவிட்டேன். அவள் "ஐயோ" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் அந்தப் பக்கம் விரல் தட்டும் சத்தம் கேட்டது. இந்தக் காலத்தில் புள்ளிப் பட்டியல் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறதென்பதை நான் யோசிக்கவில்லை. "அப்பா, பதினாலு கிடக்குது," என்றாள். பிழையாகப் பார்த்துவிட்டேன், கண்ணாடி மாற்ற வேணும் என்று உளறிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் வசந்தி குசினி வாசலில் நிற்கிறாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். கையில் மாப்பிசைந்த பாத்திரம், அடுத்த திங்கட்கிழமைக்கு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மகளோட கதைக்க வேணுமெண்டா எடுத்துக் கதையுங்கோவன். அதுக்கேன் இருபத்திரண்டு பேர் ஓட வேணும்?"

கடைசி ஞாயிறு

கடைசி ஆட்டம். வென்றால் பத்தாம் இடம், தோற்றால் பன்னிரண்டாம் இடம். உலகத்தில் யாருக்கும் தேவையில்லாத ஆட்டம். ஐந்து மணிக்குத் தொடங்கப்போகிற நேரம் கதவு மணி அடித்தது. மயூரி. சும்மா வந்தனான் என்றாள். பக்கத்தில் இருந்தாள். இருவரும் பேசவில்லை. ஆட்டமும் எங்களைப்போலவே கிடந்தது, கோலே இல்லை. எழுபதாவது நிமிசத்தில், ஏதாவது கதைக்க வேணுமே என்று, "ஏழாம் நம்பரை ஏன் இன்னும் மாத்தேல்லை?" என்றேன். அவள் திரையைப் பார்த்து முழித்தாள். "ஏழாம் நம்பர் ஆர்?" என்றாள்.

போன வருசம் அவனுடைய முழங்காலைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவள். நான் அவளையே பார்த்தேன். வழக்கமாக உதைபந்துக் கதையெல்லாம் எங்களுக்குள் டேனிஷில்தான் நடக்கும். அன்று தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "எனக்கு புட்போல் விளங்காது அப்பா. விருப்பமும் இல்லை. போன வருசம் நீங்கள் சாப்பிடுறேல்லை எண்டு அம்மா சொன்னவ. அதுதான் எடுத்தனான். ஒவ்வொருமுறையும் வாசிச்சுப் பாடமாக்கிப்போட்டு எடுத்தனான். இந்த வருசம் அவங்கள் விழேல்லை. அப்ப நீங்கள் ஓகே எண்டு நினைச்சன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் என் பிள்ளை எனக்காகப் பாடமாக்கியிருக்கிறாள், நான் ஒரு கழகம் தோற்பதில் உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருக்கிறேன். "நான் ஓகே இல்லை, பிள்ளை. நீ எடுக்காட்டி ஓகே இல்லை," என்றேன். இதைச் சொல்ல இவ்வளவு காலமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் ரிமோட்டை எடுத்து ரிவியை நிற்பாட்டினாள். ஆட்டம் எப்படி முடிந்ததென்பது மறுநாள் பிரெபன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லுங்கோ. அது எனக்குக் கொஞ்சமாவது விளங்கும்."

பூச்சியத்துக்குப் பூச்சியம், பதினோராம் இடம். அந்த வருசம் உண்மையிலேயே இறங்கும் ஆபத்தில் நின்றது நான் ஒருவன்தான், நானும் கடைசி நாளில் இருபது நிமிசம் மீதியிருக்கத் தப்பிவிட்டேன்.