ஜலீல் பாய்க்கு விழுந்த திட்டு

ஜலீல் பாய் காலையில் இறந்துவிட்டார். மாரடைப்பாம். மரக்காணம் ஆபீஸ் குரூப்பில் இப்போதுதான் பார்த்தேன்…

உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண் சிகிச்சை செய்யும் டிரஸ்ட் ஒன்றில் மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். சாஃப்ட்வேர் என் பொறுப்பு. அது கொடுக்கும் லிஸ்டைப் பார்த்து, ஆபரேஷனுக்கு ஆட்களைப் போனில் கூப்பிடுவது பாய்.

ஒரு போனையும் சட்டென்று முடிக்கத் தெரியாது அவருக்கு. "ஏம்மா, பாத்தியில மழைத்தண்ணி நின்னுச்சே, வடிஞ்சுதா? பையன் துபாய்லேர்ந்து பேசுறானா?" அதற்குப் பிறகுதான் கண் விஷயமே வரும். பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் காலை, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வேன் கிளம்புகிற நேரம். வந்தவர்களில் பாதிப் பேர் போன வருடமே ஆபரேஷன் முடிந்தவர்கள். அனுமந்தையிலிருந்து வந்த ஒரு அம்மா, "வேலைய வுட்டுட்டு வந்திருக்கேன், ஆன கண்ணுக்கே திரும்ப ஆபரேஷனா?" என்று கத்தினார்.

மேனேஜர் மேடம் காரணம் கேட்டார். "சிஸ்டம் கரெக்டாதான் இருக்குது மேடம். பாய் பழைய லிஸ்டைப் பாத்துக் கூப்பிட்டிருப்பாரு" என்றேன். செக் பண்ணாமலே சொன்னேன்.

எல்லோர் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. பாய் என்னை ஒருமுறை பார்த்தார். "இருக்கலாம் மேடம்… வயசாவுதில்ல" என்றார்.

அன்று மதியமே தப்பு கிடைத்துவிட்டது. 'கண்ணில் புரை', 'இந்த வருட செக்கப்' என்ற இரண்டு ஃபில்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தேன். அப்படிக் கோத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேடும்; போன வருடம் புரை இருந்து, இந்த வருடம் சும்மா செக்கப்புக்கு வந்தவரும் லிஸ்டில் வந்துவிடுவார். இரண்டையும் ஒரே ஃபில்டருக்குள் போட்டிருந்தால், இந்த வருட செக்கப்பில் புரை இருந்தவர்கள் மட்டும் வந்திருப்பார்கள்.

ஒரே ஒரு வரி. மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பாயை ஃபைல் ரூமுக்கு மாற்றினார்கள். போன் வேறு ஆளிடம் போனது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

அதன்பிறகும் தினமும் மதியம் எதிரெதிரே உட்கார்ந்து அவர் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டேன். ஒருமுறை மட்டும் கேட்டார். "இப்ப லிஸ்ட் கரெக்டா வருதாமே தம்பி?" ஆமாம் பாய் என்றேன். "நல்லது" என்றார்.

அப்புறம் நான் சென்னைக்கு வந்துவிட்டேன். சொல்லணும், சொல்லணும் என்றே வருடங்கள் போய்விட்டன. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு எனக்கே அலுத்துவிட்டது…

மேடம், உங்களை டேக் செய்திருக்கிறேன். பாய் கூப்பிட்டது நான் கொடுத்த லிஸ்டைப் பார்த்துத்தான். தப்பு என்னுடையது.

மன்னிச்சிடுங்க பாய். போய்ட்டு வாங்க.