வாசல்வரை நீண்ட கயிறு

கர்ப்பமாக இருந்தபோது இருமலை மறைப்பதில் நான் கைதேர்ந்தவள். ரெம்பாவ் கிளினிக்கில் தாதி பெயரைக் கூப்பிடுவதற்குள் பின்பக்கம் போய் இருமித் தீர்த்துவிட்டு, வாயில் ஒரு புளிப்பு மிட்டாயோடு வந்து உட்காருவேன்.

“இருமல் இருக்கா?”

“இல்லலா மிஸி.”

சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. இருக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேனாம்!

எட்டாம் மாதம் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. அதற்குமேல் ஒளிக்க முடியவில்லை. மருத்துவமனையில் என் நெஞ்சைப் படம் எடுக்கும்போது வயிற்றின் மேல் கனமான கவசத் துணி ஒன்றைப் போர்த்தினார்கள். “இவ்வளவுதானா?” என்று கேட்டேன். இவ்வளவுதான். இரண்டு நுரையீரலிலும் காசநோய் முற்றியிருந்தது. மகள் நாள் முந்திப் பிறந்தாள், பூனைக்குட்டி அளவில். தொடக்கூட விடாமல் அவளை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி?

எஸ்டேட் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் என் சளியில் கிருமி இருந்தது. தினமும் கிளினிக்குக்குப் போய், தாதியின் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும். நோய் தொற்றாமலிருக்க மகளுக்கும் மருந்து. பிறந்தது முதலே அதைக் குடிக்கிறாளே என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. சளி சுத்தமாகும்வரை அவளை நெருங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், விடியுமுன் போய்விடுவார். மகளைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்காதான். அதற்காகவே சுங்கை காடுட் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்டவர் அவளைக் கொஞ்சும்போது எனக்கு வயிறு எரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் அக்கா துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை உத்தரத்திலிருந்து தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலில் கட்டினார். மறுமுனையை ஜன்னல் வழியாக வாசலில் இருந்த என்னிடம் நீட்டினார்.

“சும்மா அங்க உக்காந்து அழுவுறதுக்கு, இத இழு.”

அன்றிலிருந்து மாஸ்க்கோடு வாசலில் உட்கார்ந்து கயிறு இழுப்பதுதான் நான் செய்த பிள்ளை வளர்ப்பு.

“நான் ஆட்டுனா தூங்க மாட்டேங்குது. நீ இழுத்தாத்தான் கண்ண மூடுது” என்பார் அக்கா. என்னைச் சமாதானப்படுத்தக் கதை அளக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சளி சுத்தமாகிவிட்டது, இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்று தாதி சொன்ன அன்று மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தேன். கைகால் கழுவி, மகளை முதன்முதலாக வாரி எடுத்தேன். வீறிட்டாள். உடம்பை முறுக்கிக்கொண்டு அக்கா பக்கம் சாய்ந்தாள். எனக்கு வேண்டியதுதான்.

அக்கா அவளை வாங்கித் தொட்டிலில் போட்டார். “போய் கயித்தப் பிடி.”

“இன்னைக்குமா, அக்கா?”

“எப்பவும் இழுக்குற மாதிரி இழு.”

வாசலுக்குப் போய் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை தேய்ந்து நின்றது. அக்கா அளக்கவில்லை.

உள்ளே வந்து தொட்டில் துணியை விலக்கி, தூங்குகிற முகத்திடம் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். அதற்குள் தொண்டை அரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். இந்தமுறை மறைக்கவில்லை. அக்கா காதில் விழும்படியே இருமினேன்.