மேக்ஸி சைஸுக்கு வெளியே

"மேக்ஸின்னா பெருசுன்னுதானே அர்த்தம்? இது உள்ளங்கையைவிடக் கொஞ்சந்தான் பெருசா இருக்குது, ஏனுங்க அக்கா?" என்று சரோஜா அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். காதர்பேட்டையை ஒட்டிய சந்தில் இருந்த அவருடைய ஸ்டுடியோவில், பள்ளிச் சுற்றுலாப் படங்களை வாங்க நின்றிருந்த நேரம். "இதுக்கு முந்தி இருந்தது இன்னும் சின்னதுங்க டீச்சர். அதைப் பாத்திருந்தா இதை ரெண்டு கையில வாங்குவீங்க" என்றார்.

போன வாரம் செல்வி போன் செய்தாள். "டீச்சர், சரோஜாக்கா போயிட்டாங்க." அதற்குமேல் அழுகைதான் வந்தது. என்னிடம் படித்தவள், இப்போது பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இதைப் படிப்பவர்களில் பலர் அக்காவிடம் படம் வாங்கியிருப்பீர்கள். செல்வி ஏன் அப்படி அழுதாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிலிம் காலத்தில் ரோலைக் கொடுத்தால் எல்லாப் படமும் நாலுக்கு ஆறு அங்குலத்தில் வரும். அதுதான் மேக்ஸி சைஸ். வீட்டு ஆல்பங்களெல்லாம் அந்த அளவுக்கே செய்யப்பட்டன. பிரிண்ட் மெஷின் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் அச்சிடும். பனியன் துணியில் கட்டிங் போடும்போது ஓரம் ஒதுங்குகிறதல்லவா, அதைப்போல. நம் கைக்கு வந்தது வெட்டிய பீஸ். முழுத்துணி, கழுவிய பிலிமில், அதாவது நெகட்டிவ்வில் இருந்தது.

இதை அக்கா ஒருபோதும் மறக்கமாட்டார். அவர் கணவர் எங்கள் பள்ளிக்கு வந்து வகுப்புப் படம் எடுக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று சத்தம் போடுவார்: "ஓரத்துல நிக்கறவீங்க உள்ள வாங்க கண்ணு! மெஷின் உங்களைத் தின்னுபோடும்!" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நெருங்கி நிற்பார்கள். கணவர் மறைந்த பிறகும் கடையை அவரே நடத்தினார். டிஜிட்டல் வந்து பிரிண்ட் மெஷின் நின்றபோது, கணவர் எடுத்த படங்களின் நெகட்டிவ் பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். "சனங்க பிரிண்டைத்தான் வாங்கிட்டுப் போனாங்க. மிச்சம் நம்மகிட்டல்ல இருக்குது" என்று மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார், வளர்த்தது சித்தி. தாயின் முகம் அவளுக்குத் தெரியாது. வீட்டில் படமும் இல்லை. சாமளாபுரத்தில் தாய் வேலை பார்த்த தறிக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்தில் எடுத்த மேக்ஸி பிரிண்ட் ஒன்று மட்டும் கிடைத்தது. அதன் ஓரத்தில் ஒரு பச்சைச் சேலை, தட்டு ஏந்திய கை, ஒரு காது. அவ்வளவுதான். "இதுதான் உங்கம்மா" என்று சித்தி காட்டினாராம். கல்யாணத்தன்று காதுக்கு மாலை போட முடியுமா?

அந்தச் சீருக்குப் படம் எடுத்தவர் அக்காவின் கணவர். அதனால் செல்வியை அக்காவின் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். அன்று பகல் முழுக்க மூவரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைக் கொட்டித் தேடினோம். கடைசியில் அக்கா ஒரு நெகட்டிவ் துண்டை விளக்கின் முன் பிடித்து, "காதுக்கு அந்தப் பக்கம் என்னமோ இருக்குதுங்க" என்றார். மிளகைவிடச் சிறிய ஓர் உருண்டை. நெகட்டிவ்வில் முகம் கறுப்பாகவும் கூந்தல் வெளுப்பாகவும் இருக்கும்; எங்களுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"முகம் திரும்பியிருந்தா என்னங்க்கா பண்றது?" என்றாள் செல்வி.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடலாம் கண்ணு. பாக்காமச் சொல்லக் கூடாது."

கறுப்பு-வெள்ளைக் காலத்தில் கணவர் வைத்திருந்த என்லார்ஜரை, அந்தப் பழைய கைப் பெரிதாக்கியை, அக்கா துடைத்தார். இருட்டறையில் சிவப்பு விளக்கு. மெஷின் விட்ட அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கி, வெளிச்சம் பட்ட தாளை மருந்துத் தட்டில் போட்டார். வெறும் வெள்ளைத் தாள். செல்வி என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

முதலில் கூந்தல் வந்தது. அப்புறம் புருவம். கண்கள் எங்களையே பார்த்தபடி எழுந்து வந்தன. வெள்ளி உப்பு வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். ஆனாலும் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தாய் தன் மகளைப் பார்க்க வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

உதடுகள் தெளிந்தன. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். செல்விதான் கத்தினாள்: "டீச்சர், எம்பட பல்லுங்க! எம்பட தெத்துப்பல்லு!"

அக்கா கிடுக்கியால் தாளை மெல்ல அசைத்தபடியே கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னால பல்லைச் சரிபண்ணப் போறேன்னு காலையில சொன்னியே, போறியா?"

"போகமாட்டேனுங்க்கா."

"போனீன்னா இந்தப் படத்தைத் தர மாட்டேன் போ" என்றார். இருட்டறைக்குள் மூவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

கல்யாண மேடையில் அந்தப் படத்துக்கு மாலை விழுந்தது. சம்பந்தி வீட்டார் செல்வியையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்ததை அக்கா மூலையில் நின்று ரசித்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது "பாக்காமச் சொல்லக் கூடாது" என்ற அந்த ஒரு வாக்கியம். யாரைப் பற்றியாவது சரியாகப் பார்க்காமலே "அவரா, அங்கே இல்லையே" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அது என்னை நிறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய நெகட்டிவ் இருந்தால் இன்றே எடுங்கள். பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் பிடித்து, ஆல்பத்திலுள்ள பிரிண்டோடு ஒப்பிட்டு, ஓரங்களைப் பாருங்கள்.