மெர்ல் வலையேற்றிய நாற்பத்தெட்டு நொடி

மெர்ல் டோஸ்ட்ருட் மினசோட்டாவில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை வருடமும் முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, அவர் வாயைத் திறந்ததே இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு வலைப்பூவில் கொட்டத் தொடங்கினார். காலைக் குளிர் எத்தனை டிகிரி, முட்டை எந்தப் பதத்தில் வெந்தது, வாசல் பனியைத் தள்ளி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று, உலகம் தெரிந்துகொண்டே தீரவேண்டிய சங்கதிகள். உலகமும் ஆவலோடுதான் வந்தது. நாளொன்றுக்கு ஒன்பது பேர். அதில் நான்கு பேர், எழுத்துப்பிழை பார்க்க வந்த அவரே.

2007 சனவரியில் அவருக்கு ஞானம் பிறந்தது. எல்லாரும் வலைப்பூவில் வீடியோ போடுகிறார்கள்.

"இனிமே எழுதறதோட நிறுத்தப் போறதில்ல ஆர்லிஸ், காட்டப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"எத? நீங்க திங்கற முட்டையவா?"

"மீனு பிடிக்கிறத."

ஆர்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, எங்கண்ணன் எடத்த ஊருக்குக் காட்டிடாதீங்க."

அண்ணன் என்றால் வெர்லின். உறைந்த ஏரியில் துளை போட்டால் வால்ஐ மீன் வரிசையில் வந்து தூண்டிலைக் கடிக்கும் ஓர் இடத்தைப் பதினெட்டு வருடமாகப் பொத்தி வைத்திருப்பவர். தேவாலயக் கோபுரம் படகுக் கொட்டகைப் புகைபோக்கிக்கு நேர் பின்னால் தெரியவேண்டும். அங்கிருந்தே திரும்பினால், ஊர்த் தண்ணீர்த் தொட்டி கரையோரத்து ஒற்றைப் பைன் மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது போலிருக்க வேண்டும். இரண்டும் கூடி வருகிற இடத்தில் துளை. பெற்ற மகனுக்கே சொல்லாததை மெர்லுக்கு மட்டும் சொல்லியிருந்தார். மெர்லோடு மீன் பிடிக்கப் போகிற ஒரே ஆளும் அவர்தான்.

மெர்லும் விசுவாசிதான். வலைப்பூவில் 'ஏரியில் ஓர் இடம்' என்பதைத் தாண்டி ஒரு சொல் எழுதியதில்லை. புகைப்படம் என்றாலும் கூடாரத் துணியைப் பின்னணியாக வைத்தே எடுப்பார்.

ஆனால் வீடியோவுக்குக் கலையழகு வேண்டாமா? அந்தச் சனிக்கிழமை வெர்லின் மண்டியிட்டு மீனை இழுத்துக்கொண்டிருக்க, மெர்ல் கேமராவை நிதானமாக ஒரு முழுச் சுற்று சுற்றினார். நாற்பத்தெட்டு நொடி.

தொலைபேசிக் கம்பி வழியாக அதை இணையத்தில் ஏற்றக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆனது. அதுவரை ஆர்லிஸால் யாரோடும் போனில் பேச முடியவில்லை. பிறகு மெர்ல், வீடியோத் தளம் தந்த நீளமான குறிவரியை நகலெடுத்துப் பதிவுக்குள் ஒட்டினார். முதல் தடவை அந்தக் குறிவரியே பத்தியாக வந்து நின்றது. இரண்டாம் தடவை ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதை அரை மணி நேரம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் நடுவிலுள்ள முக்கோணத்தை அழுத்த வேண்டும் என்று தெரிந்தது.

மறுநாள் முதல் பின்னூட்டம் வந்தது: "அருமை ஐயா. கோபுரமும் புகைபோக்கியும் ஒரே கோட்டில், தொட்டியும் பைனும் ஒரே கோட்டில். ரொம்ப நன்றி."

மெர்ல் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, 'தங்கள் ரசனைக்கு வணக்கம்' என்று பதிலும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில், உறைந்த ஏரியின் மேலேயே, இருபத்தாறு வண்டிகள் நின்றன. வெர்லின் வழக்கமாகத் துளை போடும் இடத்தில் எவனோ கூடாரமடித்துத் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் வெர்லின், மெர்ல் வீட்டுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றினார். காபி வாங்கிக் குடித்தார்.

"குளிரு கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு மாப்ள."

"ஆமா மச்சான்."

"ராத்திரி காத்து அடிக்கும்ங்கறான்."

"அடிக்கும் மச்சான்."

இருபது நிமிடம் வானிலை ஓடியது. அந்த ஊரில் அது அரிவாளைத் தூக்குவதற்குச் சமம். மெர்லுக்குப் புரிந்துவிட்டது. இனி பனிக்காலம் முழுக்கத் தனியாகத்தான் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"ஏரியில நல்ல கூட்டம்" என்றார் வெர்லின்.

"மச்சான், இப்பவே அழிச்சிடறேன்." மெர்ல் கணினி முன் பாய்ந்தார். பார்த்தவர்கள்: இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. ஒன்பது பேரைக் கட்டி மேய்த்தவரின் விரல் அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் அதன் மேலேயே நின்றது.

"அழிச்சா எடம் திரும்பி வந்துருமா? போடு, பாப்போம்."

வெர்லின் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை மூக்கு திரையில் இடித்தது.

"நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"கோட்டு அப்படி மச்சான்."

"ரெண்டாயிரம் பேரு பாத்துருக்கான்?"

"நூத்திப் பதினாலு சேத்து."

வெர்லின் முகம் சிவந்தது. "அறிவிருக்கா மாப்ள உனக்கு? ஏழு ராத்தல் மீனு! அது வெளிய வர்ற நேரத்துல நீ தண்ணித் தொட்டியப் படம் புடிச்சிட்டு இருக்க! நான் தூக்கிக் காட்டுனது எங்க? இத்தன பேரும் என் முதுகத்தான் பாத்தானுங்களா?"

கதவோரம் நின்ற ஆர்லிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நாளைக்கு வேற எடம் போறோம். கேமராவ எடுத்துக்க. என்ன மட்டும் புடி. கரைப் பக்கம் ஒரு தடவ திரும்புன, கேமராவும் நீயும் ஓட்டைக்குள்ளதான்."

மறுநாள் விடிவதற்குள் வண்டியோடு வாசலில் நின்ற வெர்லின், முகத்தை மழித்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டிருந்தார்.